மைக்செட் வேலை தேடிய கதை

அவளுக்கு மைக்செட் என்று பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. பள்ளிக்கூடத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர் அது. கல்யாணமாகிப் போன வீட்டுக்கும், வேலைக்குச் சேர்ந்த இடத்துக்கும் அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது. நாலாவது மாடியில் நின்று அவள் மகளைச் சாப்பிடக் கூப்பிட்டால், கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இருப்பவர்கள், "மாடில சாப்பாடு ரெடியாம்" என்று பேசிக்கொள்வார்கள்.

இவ்வளவு பெரிய குரலில் "முடியாது" என்ற ஒரு வார்த்தை மட்டும் வராது.

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனி ஒன்றின் கஸ்டமர் கேரில் பதினேழு வருஷம் இருந்தாள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தொடங்கியவள், கடைசியில் டீம் லீடர். யாராவது லீவு போட்டால் மைக்செட் பார்த்துக்கொள்வாள். நைட் ஷிஃப்டுக்கு ஆள் இல்லையா, மைக்செட்டுக்குப் பரவாயில்லை. அந்த வேலையில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். ரிப்பேருக்கு அனுப்ப ஆளே இல்லை என்று தெரிந்தும், "நாளைக்குக் காலைல ஆள் வந்துருவாங்க மேடம்" என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தானாக இறங்கிவிடும். மேலதிகாரிகள் அதைப் பணிவு என்று நினைத்துப் பாராட்டினார்கள்.

ஒரு நாள் காலையில் பத்துப் பத்துப் பேராக மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். கம்பெனி சும்மா தண்ணீர் கொடுக்காது என்று தெரிந்தவர்களுக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. ஹெச்.ஆரிலிருந்து வந்த இளைஞன் லேப்டாப்பைப் பார்த்துப் படித்தான். இனி ஃபோனை எடுத்துப் பேசுவது ஒரு மெஷின். இந்தத் தளத்தை மூடுகிறார்கள். படிக்கப் படிக்க அவனுக்கு நாக்கு வறண்டுபோனது. மைக்செட் தன் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"குடிங்க தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

பஸ்ஸில் திரும்பும்போதுதான், வேலையை விட்டு அனுப்பியவனுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

வீட்டில் மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க லிஃப்டுக் குழிக்குள் நின்று வேலை செய்பவர், அளந்துதான் பேசுவார். மகள் பிசியோதெரபி கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் முதலில் ஓடி வந்தது மைக்செட்டின் தங்கை. மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள் என்பதால், இந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"அக்கா, நாப்பத்தஞ்சு வயசுல நாம கண்டிஷன் போட்டா எவனும் கூப்பிட மாட்டான். வளைஞ்சு குடு. எதுக்கும் ரெடின்னு சொல்லு."

வளைந்து கொடுப்பது மைக்செட்டுக்குப் புதிதா என்ன? கண் ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை நிலையம், டிரைவிங் ஸ்கூல் என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். எங்கே போனாலும் ஒரே பல்லவிதான்.

"சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"நீங்க பாத்துப் போடுங்க சார்."

"எந்த நேரம் வர முடியும்?"

"எந்த நேரம்னாலும் வருவேன் சார்."

டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் பேனாவை வைத்துவிட்டு, "அது சரிம்மா, உங்களுக்கு என்ன வேலை நல்லா வரும்?" என்று கேட்டார்.

"எது குடுத்தாலும் செய்வேன் சார்."

"எது செய்யப் பிடிக்கும்?"

"எது குடுத்தாலும் பிடிக்கும் சார்."

அவர் அவளைச் சற்று நேரம் பரிதாபமாகப் பார்த்தார். "சொல்லி அனுப்புறோம்" என்றார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்த ஆஸ்பத்திரியும் அனுப்பவில்லை, பரிசோதனை நிலையமும் அனுப்பவில்லை.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து, அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"நான்தான் முதலாளி. நீ வேலை கேட்டு வந்திருக்கே. சரியா? அம்மா, எங்க ஆஃபீஸ்ல ராத்திரி பகல்னு பாக்க மாட்டோம்."

"பரவால்ல சார்."

"சம்பளம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான்."

"பரவால்ல சார்."

"என் காரை நீங்கதான் கழுவணும்."

"பரவா..." என்று வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தினாள். மகள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மைக்செட்டுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு முகம் விழுந்துவிட்டது.

அதுவரை காலில் களிம்பு தடவிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "லிஃப்டுல ஏறி எல்லா பட்டனையும் அமுக்கி வெச்சா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"எல்லா மாடிலயும் கதவு தொறந்து தொறந்து மூடும். நீ இறங்க மாட்டே. எந்த மாடின்னு முதல்ல முடிவு பண்ணு."

அவர் ஒரு மாதத்தில் பேசுவதை அன்றைக்கு மொத்தமாகப் பேசியிருந்தார். மைக்செட் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள்.

"சரி. பதவி வேண்டாம். டீம் லீடர், அது இதுன்னு எனக்கு ஒண்ணும் தேவையில்ல. தூரம்னாலும் போறேன். புதுசா கத்துக்கச் சொன்னா கத்துக்கறேன். சம்பளத்துல கால் பங்கு வரைக்கும் குறைச்சுக்கலாம்."

"இதெல்லாம் விட்டுக் குடுக்குறது. விட்டுக் குடுக்க மாட்டேன்னு எதுவுமே இல்லியா?" என்றாள் மகள்.

"இருக்கு. நைட் ஷிஃப்ட் மாட்டேன்."

சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் திகைத்து நின்றாள். வந்துவிட்டது! இத்தனை வருஷமாக வராத அந்த 'மாட்டேன்'.

"பொய் சொல்ற வேலை மாட்டேன். அப்புறம், சத்தமே இல்லாத ரூம்ல உக்கார மாட்டேன். எனக்கு மனுஷங்க முகம் வேணும், பேசணும், யாராவது திருப்பிப் பேசணும்."

"இதெல்லாம் ஒரு கண்டிஷனாம்மா?"

"எனக்கு இதுதாண்டி முதல் கண்டிஷன்."

அந்த வாரமே பரீட்சை வந்தது. விமான டிக்கெட், ஹோட்டல் ரூம் எல்லாம் பதிவு செய்து கொடுக்கும் டிராவல் கம்பெனியில் கூப்பிட்டார்கள். வெள்ளை வெளேரென்ற ரூம், எதிரே பிரிவு மேலாளர். முதல் ஆறு மாதம் நைட் ஷிஃப்டில்தான் இருக்கவேண்டும் என்றாள் அந்தப் பெண். மைக்செட்டின் நாக்கு பழக்கதோஷத்தில் "பரவால்ல"வுக்குத் தயாரானது. அதை மடக்கி உள்ளே தள்ளினாள்.

"முடியாதுங்க மேடம். பகல்னா வரேன்."

குரல் வழக்கம்போலப் பெரிதாக வந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்த ரிசப்ஷன் பெண் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். மைக்செட் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று தனியாகச் சிரித்தாள். வேலை கிடைத்தவர்கள்கூட அவ்வளவு சந்தோஷமாகப் போயிருக்க மாட்டார்கள்.

தங்கைதான் தலையில் அடித்துக்கொண்டாள். "வந்ததை விட்டுட்டு வந்துட்டியா? கொழுப்புக்கா உனக்கு!"

அடுத்ததை எடுத்துக் கொடுத்தது கணவர். பழைய மோட்டார் வாங்க அவர் அவ்வப்போது போகும் ஏலக் கிடங்கு ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. கம்பெனிகள் கழித்துக் கட்டும் வண்டி, மெஷின், மேஜை, நாற்காலி எல்லாம் அங்கே ஏலத்துக்கு வரும். "கவுண்டர்ல பில் போட ஆள் கேக்குறாங்க. ஒரே கூச்சல். உனக்குச் சரியா வரும்" என்றார்.

இரண்டு பஸ் மாறிப் போனாள். தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே கால் வைத்ததுமே ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை. வரிசையாக டெலிவரி வேன்கள், புல் வெட்டும் மெஷின்கள், கதவில்லாத ஃப்ரீஸர்கள். நடுவே மரமேடை. அதைச் சுற்றி நூறு பேருக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உப்புக் காகிதம் தேய்ப்பதுபோன்ற குரலில் விலை சொல்லிக்கொண்டிருந்தார். பின்வரிசைக்கு அது எட்டவில்லை. "எவ்வளவு? எவ்வளவு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பக்கத்தில் ஒரு பெரிய டிவியில் விலை ஓடியது. அதை யாரும் பார்க்கவில்லை. சுத்தியல் மேஜையில் விழுந்தபோது மைக்செட்டுக்குப் புல்லரித்தது. ஏலம் முடியும்வரை ஒரு டயர் அடுக்கின் மேல் சாய்ந்துகொண்டு, இமை கொட்டாமல் பார்த்தாள்.

அந்தத் துண்டுக்காரர்தான் முதலாளி. ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தபடி இன்டர்வியூவை ஆரம்பித்தார். பில் போடத் தெரியுமா, கம்ப்யூட்டர் தெரியுமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன மைக்செட், கடைசியில் தானே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், உங்க தொண்டைக்கு என்ன?"

"கட்டிம்மா. பயப்படுற கட்டி இல்ல. பேச்சைக் குறைக்கச் சொல்லிட்டார் டாக்டர். ஏலம் விடுறவன் பேச்சைக் குறைச்சா என்னத்துக்கு ஆகுறது?"

"அப்போ மேடைக்கு வேற ஆள் இருக்காங்களா?"

"தேடிட்டுதான் இருக்கேன்."

"நான் வரட்டுமா?"

முதலாளி குடித்த வெந்நீர் புரையேறியது. "பொம்பள ஏலம் விட்டு நான் பாத்ததில்லையேம்மா."

"நானும் பாத்ததில்ல சார். ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாமே."

அவர் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. வரும் சனிக்கிழமை ஏலத்தில் முதல் சில உருப்படிகளை, விற்றாலும் விற்காவிட்டாலும் நஷ்டமில்லாத பழைய சாமான்களை, அவள் ஏலம் விட்டுப் பார்க்கலாம் என்றார். சரிப்பட்டால் மேடை, சரிப்படாவிட்டால் கவுண்டர்கூட உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் அதற்கு இன்னும் இரண்டு பேர் வரிசையில் இருக்கிறார்கள். "ரெடி சார்" என்றாள் மைக்செட்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. சாயங்காலம் ஆனால் மைக்செட் முக்காலி மேல் ஏறி நின்றுகொள்வாள். சப்பாத்திக் கட்டைதான் சுத்தியல். டிவி ரிமோட்டை ஏலம் விட்டாள். கடைசித் துண்டு கேக்கை ஏலம் விட்டாள். பாத்திரம் தேய்க்கும் வேலையைக் குறைந்த கூலி கேட்பவருக்கு என்று தலைகீழ் ஏலம் விட்டாள், மகளும் அப்பாவும் போட்டி போட்டு விலகிக்கொண்டார்கள்.

"அடுத்து வருது, கை வெச்ச மர நாற்காலி! ஒரு கால் லேசா ஆடும், மறைக்க மாட்டேன்! யார் கேக்குறீங்க? நூறு! நூத்தம்பது உண்டா? ஒரு தரம்! ரெண்டு தரம்!"

"இருநூறு!" என்று ஒரு குரல் வந்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலைத் திறந்தால், மூன்றாவது மாடிக்காரர் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "விக்கிறீங்கல்ல? எங்க வீட்ல நாற்காலி பத்தல." வேறு வழியில்லாமல் விற்றார்கள். சுத்தியல் விழுந்த பிறகு பேச்சு மாறக் கூடாது என்பதில் மைக்செட் கறாராக இருந்தாள். கணவர்தான் ஒரு வாரம் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

வியாழக்கிழமை டிராவல் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. அந்த மேலாளர்தான். "நீங்க முடியாதுன்னு தெளிவா சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. பகல் ஷிஃப்டே தரோம். டீம் லீடராவே வாங்க. சம்பளம் கிட்டத்தட்ட உங்க பழைய சம்பளம்தான். நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

மைக்செட் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எத்தனை பேர் மேடம் ஃபோன்ல பேசுவோம்?"

"பேச்சே கிடையாதுங்க. எல்லாம் டைப் பண்றதுதான். ஃப்ளோர் ஊசி விழுந்தா கேக்குற மாதிரி இருக்கும். ரொம்ப நிம்மதி."

அன்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து. தங்கை வேலை முடிந்து நேரே வந்துவிட்டாள். "அக்கா, அவங்க உனக்காக ஷிஃப்டையே மாத்தியிருக்காங்க. அந்தப் பக்கம் என்ன இருக்கு? ஒரு தகரக் கொட்டகை, அதுவும் நிச்சயமில்லை. சத்தம் வேணும்னு ஒரு வேலையை விடுவியா? கேக்குறவங்க சிரிக்க மாட்டாங்க?"

தங்கை சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் மைக்செட்டை அரித்தது. நைட் ஷிஃப்ட் போய்விட்டது, டிக்கெட் பதிவில் பொய்க்கும் வேலையில்லை; மூன்று கண்டிஷனில் இரண்டு சரியாகிவிட்டது. மூன்றாவதை விட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? மறுநாள் காலை டிராவல் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, திங்கட்கிழமை வரை நேரம் கேட்டாள். முடியாது என்றார்கள். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே அந்த ரூமை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தாள். வெள்ளைச் சுவர், தலை குனிந்த வரிசைகள், சாவிகள் தட்டும் ஓசை. அங்கே தான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தாள். உருவம் வந்தது, குரல் வரவில்லை.

கணவர் அன்று வேலைக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். பழைய கம்பெனி கொடுத்ததும் தன் சம்பளமும் சேர்ந்து நாலு மாதம் தாங்கும் என்றார். "அதுக்கப்புறம்?" என்றாள். "அதுக்கப்புறம் எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். பயமில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

மைக்செட் நம்பரைத் தட்டினாள். மேலாளரிடம் மனதார நன்றி சொன்னாள். வரவில்லை என்றாள்.

சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. மேடைக்குப் பின்னால் முதலாளி, அவள் விற்கவேண்டிய சாமான்களைக் காட்டினார். ஒரு புல் வெட்டும் மெஷின் அருகே நின்று, "இது ஸ்டார்ட் ஆகாது. அதைச் சொல்லாதீங்க. நல்ல கண்டிஷன்னு சொல்லி விட்டுருங்க" என்று கிசுகிசுத்தார்.

"சார், அது மட்டும் வேண்டாம்."

"எதுக்கும் ரெடின்னு சொன்ன மாதிரி இருந்ததே?"

"மேடை ஏறத்தான் ரெடின்னேன் சார். இதுக்கில்ல."

முதலாளியின் முகம் சுருங்கியது. "என்னமோ பண்ணுங்க. விக்கலைன்னா உங்க பாடு" என்று விலகிப் போனார்.

மேடை ஏறினாள். நூறு முகங்கள் அவளைப் பார்த்தன. வாயைத் திறந்தாள்.

"வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

பதினேழு வருஷப் பழக்கம்! கொட்டகை இடிந்து விழுவதுபோல் சிரித்தது. "ஃப்ரிட்ஜ் ஓடலை மேடம்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். மைக்செட்டுக்கும் சிரிப்பு பீறிட்டது. "வண்டி விக்கிற இடத்துல ஃப்ரிட்ஜைப் பத்திக் கேட்டா எப்படிங்க? சரி, முதல் உருப்படி!" என்றாள். அந்தக் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. பின்வரிசையில் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு ஆளே இல்லாமல் போனது.

இரண்டாவது உருப்படியில் தப்பு செய்தாள். ஒருவர் கை தூக்கிக்கொண்டிருக்கும்போதே சுத்தியலைப் போட்டுவிட்டாள். கூச்சல் எழுந்தது. வாங்கியவர் எனக்குத்தான் என்றார், கை தூக்கியவர் விடமாட்டேன் என்றார். மைக்செட் சுத்தியலைக் கீழே வைத்தாள். "தப்பு என்னுது. அந்தப் பக்கம் நான் பாக்கலை. ரெண்டு பேருக்கும் சம்மதம்னா மறுபடி ஆரம்பிக்கிறேன்" என்றாள். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு புல் வெட்டும் மெஷின் வந்தது. "இது ஸ்டார்ட் ஆகாது. என்ன காரணம்னு எனக்குத் தெரியாது. தள்ளிக்கிட்டுதான் போகணும். பிளேடும் சக்கரமும் புதுசு. யார் கேக்குறீங்க?" உடனே, சக்கரம் தேவைப்பட்ட ஒருவரும் பிளேடு தேவைப்பட்ட ஒருவரும் மோதிக்கொண்டார்கள். விலை ஏற ஏற அவள் குரலும் ஏறியது. முன்வரிசை நுனிக்காலில் நின்றது. "ஒரு தரம்! ரெண்டு தரம்! அண்ணே, பாத்துட்டே இருந்தா எப்படி, சொல்லுங்க! மூணு தரம்!" சுத்தியல் விழுந்தபோது அவளுக்குப் பறப்பதுபோல் இருந்தது. சும்மா கொடுத்தாலும் போதும் என்று முதலாளி நினைத்திருந்த சாமான் அது. ஓரமாக நின்ற அவரது தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

சம்பளம் பேசும்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது. பழைய சம்பளத்தில் பாதிதான் தர முடியும் என்றார். ஏலம் நடக்கும் இரண்டு நாள் மேடை, மற்ற நாள் கவுண்டர். அவள் வகுத்த கால் பங்குக் கோட்டுக்கு வெகு கீழே அது. மைக்செட் முதல் தடவையாக, அவசரப்படாமல் ஒரு டீ குடித்து முடித்தாள்.

"மூணு மாசம் நீங்க சொல்ற சம்பளம் சார். மூணு மாசத்துல கூட்டம் கூடினா நான் சொல்ற சம்பளம். கூடலைன்னா நானே கிளம்பிடுறேன். உள்ளதை உள்ளபடிதான் சொல்லி விப்பேன், அதுல பேச்சே இல்ல. இதையெல்லாம் எழுதிக் குடுங்க."

"எழுதணுமா?"

"எழுதணும்."

வீட்டுக்கு வந்ததும் தங்கை பிடித்துக்கொண்டாள். "கால் பங்குக்குக் கீழ போக மாட்டேன்னியே?"

"போனேன். ஆனா எத்தனை மாசத்துக்குன்னு எழுதி வாங்கிட்டுப் போனேன்."

அந்த மூன்று மாதம் லேசாகக் கழியவில்லை. மகளின் கல்லூரிச் சுற்றுலாவுக்கு வைத்திருந்த பணத்தில் கை வைக்கவேண்டி வந்தது. கவுண்டரில் பில் தப்பாகப் போட்டு ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கினாள். ஆனால் அந்த அம்மா விற்றால் ஓடாததை ஓடாது என்று சொல்லிவிடுவார் என்ற பேச்சு வெளியே பரவியது. முன்பு வராத பட்டறைக்காரர்கள், சின்னக் கடைக்காரர்கள் எல்லாம் வரத் தொடங்கினார்கள். மூன்றாவது மாதக் கடைசியில் முதலாளி அவள் கேட்ட சம்பளத்தைக் கொடுத்தார். கவுண்டருக்கு வேறொரு ஆளையும் எடுத்தார்.

இப்போது அவள் ஏலத்துக்கு முன்தினமே கொட்டகைக்குப் போய், ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள். போன வாரம் போனபோது வாசலில் ஒரு லாரி நின்றது. அதன் மேல் ஒரு மீன்பிடிப் படகு! நீலமும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த முழுப் படகு. கிடங்கு ஆரம்பித்த நாளிலிருந்து படகு வந்ததில்லை. எப்படி இறக்குவது, எங்கே வைப்பது, என்ன விலையில் ஆரம்பிப்பது என்று முதலாளிக்கே தெரியவில்லை. கையை விரித்துக்கொண்டு நின்றார்.

மைக்செட் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு லாரி மேல் ஏறினாள். படகைச் சுற்றி வந்தாள், குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தாள், பலகையைத் தட்டினாள்.

"ஓட்டை இருக்கா?" என்று கீழேயிருந்து கேட்டார் முதலாளி.

"ஒண்ணு இருக்கு சார்! சின்னதுதான்! சொல்லிடலாம்!" என்று அவள் கத்தியது தெருக்கோடிவரை கேட்டது. சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் இறங்கி, படகு எவ்வளவுக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள்.